விடுமுறைக்குப் பிறகு பழைய நல்ல பழக்கங்களுக்குத் திரும்புவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறை முடிந்து வழக்கமான நாள் தொடங்கும் அந்த முதல் காலையில் உடம்பு கனக்கும். மனசு அதைவிடக் கனக்கும். தூங்கும் நேரம் தப்பி, சாப்பிடும் நேரம் தப்பி, நடை நின்று இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். நான் மருத்துவர் அல்ல. பல வருடங்களாக ஒரு சிறிய காலைநடைக் குழுவை நடத்தி வருகிறேன். நீண்ட விடுமுறை முடிந்து குழு மறுபடி கூடும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வரும். அவற்றுக்கு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் கூடவே நடந்து பார்த்ததையும் வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எல்லாப் பதில்களிலும் ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாப்பிட்டதை ஈடுகட்டப் பார்க்காதீர்கள், விட்ட இடத்துக்குத் திரும்பி வாருங்கள். ஈடுகட்டப் போனவர்களில் பெரும்பாலானோர் இரண்டாவது வாரம் காணாமல் போவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

பத்தே நாளில் மூன்று கிலோ ஏறிவிட்டது. இத்தனையும் கொழுப்பா?

இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரியும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. மூன்று கிலோ கொழுப்புச் சேர 23,000 கலோரி மிச்சமாக வேண்டும். பத்து நாளுக்குப் பிரித்தால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினமும் 2,300 கலோரி. அதாவது பத்து நாளும் இரண்டு ஆள் சாப்பாட்டை ஒருவரே சாப்பிட்டிருக்க வேண்டும். எவ்வளவு விருந்து என்றாலும் அப்படிச் சாப்பிடுகிறவர்கள் குறைவு.

அப்படியானால் மெஷின் காட்டுவது என்ன? பெரும்பகுதி தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோஜனாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. கல்லீரலில் 100 கிராம் அளவுக்கும் தசைகளில் 400 கிராம் அளவுக்கும் அது இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பு கூடினாலும் உடம்பு தண்ணீரைத் தேக்கும். இன்னும் செரித்து வெளியேறாத உணவின் எடையும் இதில் சேரும். சாப்பாடும் தூக்கமும் சீரானால் இதில் நல்ல பங்கு ஒரு வாரத்துக்குள் தானாகவே இறங்கிவிடும்.

அதனால் முதல் ஐந்தாறு நாள் எடை மெஷின் பக்கமே போக வேண்டாம் என்பேன். பிறகு வாரத்துக்கு இரண்டு முறை, காலையில் கழிப்பறைக்குப் போய்வந்த பின், வெறும் வயிற்றில், ஒரே மாதிரி உடையில் பாருங்கள்.

அதற்காக மொத்தத்தையும் தண்ணீர் என்று தள்ளிவிடவும் கூடாது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 195 பேரை விடுமுறைக்கு முன்னும் பின்னும் எடை பார்த்ததில், விடுமுறைக் காலத்தில் ஒருவருக்குச் சராசரியாகக் கூடியது 0.37 கிலோதான். நாம் பயப்படுவதைவிட எவ்வளவோ குறைவு. ஆனால் அந்தக் கொஞ்சம் பிறகு வந்த மாதங்களில் இறங்கவில்லை. வருடத்துக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டாலும் பத்து வருடத்தில் ஐந்து கிலோ. மூன்று கிலோவைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்த அரைக் கிலோவை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம்.

எதை முதலில் சரிசெய்வது? சாப்பாடா, உடற்பயிற்சியா?

இரண்டும் இல்லை. தூக்கம்.

இந்தப் பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று தெரியும். ஆனால் இதில் நான் உறுதியாக இருக்கிறேன். தூக்கம் கெட்ட உடம்போடு பசியைக் கட்டுப்படுத்தப் போவது எதிர்க்காற்றில் குடை பிடிப்பது போல. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004-இல் வெளியான ஒரு ஆய்வில், ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். போதும் என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. அவர்களுக்கு ஆசை அதிகமானது இனிப்பு மீதும் உப்பான நொறுக்குத் தீனி மீதும் மாவுப் பண்டங்கள் மீதும்தான். சிறிய ஆய்வு, இரண்டே இரவு. ஆனாலும் நள்ளிரவு தாண்டி விழித்திருந்த மறுநாள் என்னென்ன தேடினோம் என்று நினைத்துப் பார்த்தால், படிக்காமலே நமக்குத் தெரிந்த விஷயம்தான் இது.

பெரியவர்களுக்கு இரவில் ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். விடுமுறையில் ஒரு மணிக்குப் படுத்துப் பழகியவர் திடீரென்று பத்து மணிக்குப் படுத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டுதான் கிடப்பார். படுக்கும் நேரத்தைப் பிடித்து இழுப்பதைவிட எழும் நேரத்தைப் பிடிப்பது சுலபம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் சரி, எழும் நேரத்தை நாளுக்குக் கால் மணி, அரை மணி என்று முன்னால் கொண்டுவாருங்கள். எழுந்ததும் வெளிச்சத்துக்குப் போங்கள். மாடியோ வாசலோ திறந்த ஜன்னலோ, பத்து இருபது நிமிடம் போதும். உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைத் திருத்தி வைக்கும் முதல் சாவி காலை வெளிச்சம். இரவில் கண்ணருகே பிடித்த போன் வெளிச்சம் அதே கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிடும்.

காபி, டீயிலும் ஒரு கண் வேண்டும். குடித்த கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக் காபியில் பாதி, இரவு பத்து மணிக்கும் உள்ளேயே இருக்கும். தூக்கம் சீராகும் வரை மதியத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பகலில் கண் சொக்கினால் இருபது நிமிடம் படுங்கள், மூன்று மணிக்கு முன்னால் எழுந்துவிடுங்கள்.

என் கட்டிலுக்குப் பக்கத்தில் இப்போது போன் சார்ஜர் கிடையாது. கூடத்தில், செருப்பு வைக்கும் இடத்துக்கு மேலே மாட்டியிருக்கிறேன். அலாரம் அடித்தால் எழுந்து பன்னிரண்டு அடி நடந்து போய்த்தான் அணைக்க வேண்டும். அணைக்கும்போது காலடியில் நடைக் காலணி கிடக்கும். விடுமுறை கழிந்த வாரங்களில் எனக்கு இதைவிட உதவியது வேறொன்றும் இல்லை.

இரண்டு நாள் பட்டினி கிடந்தால் எல்லாம் சரியாகிவிடாதா? ஜூஸ் மட்டும் குடிக்கும் டீடாக்ஸ்?

கழிவை வெளியேற்ற உங்களிடம் ஏற்கெனவே இரண்டு சிறுநீரகமும் ஒரு கல்லீரலும் இருக்கின்றன. சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டும் திரவம் மட்டும் சுமார் 180 லிட்டர். விருந்து சாப்பிட்டதால் அவை வேலைநிறுத்தம் செய்துவிடவில்லை. பழச்சாறு அந்த வேலையைத் துரிதப்படுத்துவதும் இல்லை. நார்ச்சத்தை எடுத்துவிட்டுச் சர்க்கரையை மட்டும் குடிப்பதுதான் நடக்கிறது. மூன்று நாள் ஜூஸில் இரண்டு கிலோ இறங்கியது என்று ஒருவர் சொன்னால், மேலே சொன்ன கிளைக்கோஜனும் தண்ணீரும் இறங்கியிருக்கின்றன என்று பொருள். பழைய சாப்பாட்டுக்கு வந்த இரண்டே நாளில் அது திரும்பி வந்துவிடும்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. கடுமையான பத்தியம் உடையும்போது சும்மா உடைவதில்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஜேனட் பொலிவி, பீட்டர் ஹெர்மன் என்ற உளவியலாளர்கள் இதைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். எப்போதும் டயட்டில் இருப்பவர்களுக்கு முதலில் ஒரு மில்க்‌ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீம் ருசி பார்க்கச் சொன்னால், அவர்கள் குறைவாகச் சாப்பிடவில்லை. மில்க்‌ஷேக் குடிக்காத டயட்காரர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். ‘அதுதான் கெட்டுப்போச்சே, இனி என்ன’ என்ற எண்ணம் கதவை முழுசாகத் திறந்துவிடுகிறது. விதி எவ்வளவு கடுமையோ, அது உடையும்போது விழுகிற பள்ளமும் அவ்வளவு ஆழம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்களும் சொந்த முடிவில் பட்டினி கிடக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரலாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சாப்பாட்டோடு ஏற்கெனவே மனப் போராட்டம் உள்ளவர்களுக்கும் இது வேண்டாம்.

சரி, முதல் வாரம் என்னதான் சாப்பிடுவது?

புதிய மெனு வேண்டாம். விடுமுறைக்கு முன்னால் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை என்ன சாப்பிட்டீர்களோ அதையே, அதே நேரத்துக்குச் சாப்பிடுங்கள். விடுமுறையில் முதலில் தப்புவது நேரம்தான். காலைச் சாப்பாடு பதினொரு மணிக்கு, மதியம் நான்குக்கு, இரவு பத்துக்கு, நடுவில் கைக்கு எட்டியதெல்லாம். மூன்று வேளைக்கும் நேரம் வந்துவிட்டால் நடுவில் கொறிப்பது பாதி குறைந்துவிடும்.

அதோடு ஒரே ஒரு சேர்க்கை: தட்டில் பாதியைக் காய்கறிக்கு ஒதுக்குங்கள். காயும் பழமும் சேர்ந்து நாளுக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விருந்து நாட்களில் அநேகமாக அதில் கால்வாசிகூடப் போயிருக்காது. மலச்சிக்கல், வயிறு உப்புசம் என்று குறைப்படுபவர்களுக்குக் காய்கறியும் தண்ணீரும் நடையும் சேர்ந்தாலே இரண்டு மூன்று நாளில் வித்தியாசம் தெரியும்.

சர்க்கரைக்கும் உப்புக்கும் அதே நிறுவனம் சொல்லும் அளவுகள் நினைவில் இருந்தால் போதும். தனியாகச் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாற்றுச் சர்க்கரை எல்லாம் சேர்ந்து நாளுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும். 25 கிராம் என்பது ஆறு டீஸ்பூன். உப்பு மொத்தமே 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. நாக்கு இனிப்புக்கும் உப்புக்கும் பழகியிருப்பதால் முதல் சில நாள் எல்லாமே சப்பென்று இருக்கும். அது உணவின் குறை அல்ல. நாக்கு மறுபடி பழகக் கொஞ்ச நாள் கொடுங்கள்.

பாக்கெட் உணவைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் கெவின் ஹால் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேரை மருத்துவ மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலையில் தயாரான உணவும் இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம், தடை இல்லை. தொழிற்சாலை உணவு கொடுத்த வாரங்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இரண்டு வாரத்தில் 0.9 கிலோ கூடினார்கள். வேகமாகவும் சாப்பிட்டார்கள். இவர்களில் யாரும் மன உறுதி இல்லாதவர்கள் அல்ல. அதே ஆட்கள்தான் மற்ற இரண்டு வாரம் எடை குறைந்தார்கள். நம்மைத் திட்டிக்கொள்ளும் முன் சமையலறை அலமாரியைப் பார்ப்பது நியாயம்.

வீட்டில் இன்னும் டப்பா டப்பாவாக இனிப்பு இருக்கிறதே?

கொடுக்க முடிந்ததை இன்றே கொடுத்துவிடுங்கள். வைத்துக்கொள்வதைக் கண்ணில் படாமல் வையுங்கள். எங்கள் குழுவில் ஒரு அக்கா சொன்னது எனக்கு மறக்காது. கண்ணாடி டப்பாவில் இருந்த இனிப்பை அப்படியே ஒரு எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி மேல்தட்டில் வைத்தாராம். எடுக்க வேண்டுமென்றால் முக்காலி போட்டு ஏற வேண்டும். “வேணும்னா ஏறி எடுத்துக்கிறேன், ஆனா சும்மா போற வர்றப்ப கை நீளறது நின்னுபோச்சு” என்றார். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது பாதிக்கு மேல் அப்படியே இருந்ததாம், அவரே மறந்துவிட்டிருந்தார்.

சாப்பிடுவதென்றால் சாப்பாடு முடிந்த கையோடு, தட்டில் ஒன்று எடுத்து வைத்து, உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடுங்கள். நின்றபடி டப்பாவிலிருந்து எடுப்பதற்குக் கணக்கே இருக்காது.

மூன்று நான்கு வாரம் நடக்கவே இல்லை. இத்தனை மாத உழைப்பும் வீணா?

வீண் இல்லை. நன்றாகப் பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களே பயிற்சியை அடியோடு நிறுத்தினால், உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் முதல் மூன்று வாரத்தில் ஏறக்குறைய 7 சதவீதம் குறைகிறது. இதில் பெரும்பங்கு இரத்தத்தின் நீரளவு குறைவதால் வருவது. மறுபடி பயிற்சி தொடங்கினால் சீக்கிரமே திரும்பிவிடும். தசையின் பலம் மூன்று நான்கு வாரம் வரை அவ்வளவாகக் குறைவதில்லை. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது உண்மை. ஆனால் நீங்கள் முதல் படியில் நிற்கவில்லை.

பழைய வேகத்தில் தொடங்குவதுதான் இங்கே பெரிய தவறு. முன்பு நாற்பது நிமிடம் நடந்தவர் முதல் வாரம் இருபது நிமிடம் நடக்கட்டும். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் சரி. இரண்டாம் வாரம் முப்பது நிமிடம். எடை தூக்குபவர்கள் பழைய எடையில் பாதியிலிருந்து தொடங்குங்கள். விட்டுத் தொடங்கும்போது தசைவலி ஒரு நாள் கழித்து வந்து இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், பிறகு தானே இறங்கும். அந்த நாட்களிலும் மெதுவாக நடப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை. ஆர்வக் கோளாறில் முதல் நாளே உடம்பை முறித்துக்கொண்டு, பிறகு தாங்க முடியாத வலியும் வீக்கமும் வந்து, சிறுநீர் கடும் டீ நிறத்தில் போனால், தசை நார்கள் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிதுதான், ஆனால் நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒரே நாளில் அளவுமீறிச் செய்பவர்களுக்கு வருவது.

பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. ஜப்பானில் 1965-இல் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானிக்கு ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று பெயர் வைத்தார்கள். அங்கிருந்து பரவிய எண் இது. சராசரி வயது 72 உள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து 2019-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் மரண விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் அந்தப் பலன் கூடவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சி. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியையும் எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும்.

ஜிம்மில் ஒரு வருடத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டிவிட்டால் போய்த்தானே ஆக வேண்டும்?

பணம் கட்டியது ஆளை இழுத்துப் போவதை நான் அதிகம் பார்த்ததில்லை. புதிய வாரம், புதிய மாதம், பிறந்தநாள், புத்தாண்டு இவற்றுக்குப் பிறகு ஜிம்முக்கு வருபவர்கள் கூடுகிறார்கள் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் காட்டியிருக்கிறார்கள். அந்த உந்துதல் நிஜம்தான், பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் அது சில வாரத்தில் தணியும் என்று தெரிந்தே ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

1960-இல் ஒரு பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணர், முகம் மாறிய நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று எழுதினார். காலப்போக்கில் ‘குறைந்தது’ உதிர்ந்துபோய் 21 மட்டும் நின்றுவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் பழக நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் வரை ஆகலாம் என்று கணிப்பு விரிந்தது. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கங்கள் சீக்கிரம் ஒட்டின. உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. இருபத்தோராம் நாளிலும் எழச் சோம்பலாக இருந்தால் உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை. அது இன்னும் பழக்கமாகவில்லை, அவ்வளவுதான். விடுமுறைக்கு முன் மாதக்கணக்கில் நடந்தவர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு: அதே நேரம், அதே வழி, அதே துணை என்று பழைய அடையாளங்களைத் திரும்ப அமைத்துக்கொண்டால் கால் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது.

நடுவில் ஒரு நாள் தவறிவிட்டால்?

அதே ஆய்வில், ஒரு நாள் விட்டது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அடுத்த நாள் வந்தார்களா என்பதுதான் கேள்வி.

எங்கள் குழுவில் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. வந்தவர்கள் பெயருக்கு நேரே ஒரு டிக். வராத நாளுக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு மூன்று சிவப்பு விழுந்தவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே கூசி, வருவதையே நிறுத்திவிட்டதைக் கண்ட பிறகு, சிவப்பை எடுத்துவிட்டோம். வராத நாள் இப்போது வெறும் கட்டம். ஒரு நாள் விட்டு மறுநாள் வந்தவருக்கு டிக்கைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறோம். அந்த வட்டம்தான் இப்போது குழுவில் மதிப்பான குறி.

விடுப்பு முடிந்து வேலை மலைபோல் குவிந்திருக்கிறது. நேரம் எங்கே?

‘நேரம் கிடைக்கும்போது நடப்பேன்’ என்றால் நேரம் கிடைக்காது. எப்போது, எங்கே என்று முன்கூட்டியே எழுதி வைப்பதற்குப் பெரிய பலன் உண்டு. பிரிட்டனில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். உடற்பயிற்சியின் அவசியத்தைப் பற்றிப் படித்துவிட்டு, இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடம் என்று எழுதியும் வைத்தவர்களில் 91 சதவீதம் பேர் அந்த வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். படித்ததோடு விட்டவர்களில் 35 சதவீதம்தான். ஆசை எல்லோருக்கும் இருந்தது. இடமும் நேரமும்தான் வித்தியாசம்.

இருக்கிற வேலையோடு ஒட்டிவிடுங்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிட நடை, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் இரத்தச் சர்க்கரையையும் மட்டுப்படுத்தும். போன் பேசும்போது நின்றோ நடந்தோ பேசலாம். வேலை மிகுந்த முதல் வாரத்துக்கு இவ்வளவு போதும்.

இத்தனை சாப்பிட்டுவிட்டோமே என்று மனசு உறுத்துகிறது. கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நீங்கள் சாப்பிட்டது உறவுகளோடும் நட்போடும் உட்கார்ந்து. அந்த நேரம் வீணானதல்ல, அதற்குத் தண்டனையும் தேவையில்லை. வருடத்தில் 365 நாள். விடுமுறை பதினைந்து நாள் என்றால் மீதி 350 நாள் நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள் என்பதைத்தான் உடம்பு பெரிதாகக் கணக்கில் வைக்கும்.

அந்த உறுத்தல் வளர்ந்து, சாப்பிட்டதை வாந்தியெடுக்கத் தோன்றுவது, யாருக்கும் தெரியாமல் அளவுமீறிச் சாப்பிடுவது, சாப்பாட்டைப் பற்றிய நினைப்பிலேயே நாள் முழுக்கக் கழிவது என்று போனால் தயங்காமல் ஒரு மனநல மருத்துவரிடம் பேசுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை. சிகிச்சையில் குணமாகிறவர்கள் நிறையப் பேர். அதேபோல விடுமுறை முடிந்ததும் வரும் வெறுமை சாதாரணமானது. இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம், பசி, ஆர்வம் எதுவும் திரும்பாவிட்டால் அது வேறு விஷயம்; அதற்கும் உதவி தேடுங்கள்.

விடுமுறையில் குடி கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. கொழுப்புக்கு அடுத்த இடம். தூக்கம் வரவழைப்பது போலத் தோன்றும், ஆனால் இரவின் பின்பாதியைக் கலைத்துவிடும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. கொண்டாட்ட நாட்களில் மட்டும் மிதமிஞ்சிக் குடித்தவர்களுக்கு இதயத்துடிப்பு தாறுமாறாவதை மருத்துவர்கள் 1978-லேயே ‘விடுமுறை இதயம்’ என்று பெயரிட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள்.

எப்போதாவது குடிப்பவர்கள் இன்றே நிறுத்தலாம். ஆனால் தினமும் நிறையக் குடித்துப் பழகியவர்கள் திடீரென்று தாமாகவே நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம், வியர்வை, குழப்பம், வலிப்புவரை போகலாம். மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள்.

திரும்பியதும் ஒரு முழு இரத்தப் பரிசோதனை எடுத்துவிடலாமா?

அவசரம் இல்லாவிட்டால் இரண்டு மூன்று வாரம் பொறுக்கலாம். ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு அண்மையில் சாப்பிட்டதற்கும் குடித்ததற்கும் ஏற்பச் சட்டென்று ஏறும். இப்போது எடுத்தால் வழக்கமான நிலை தெரியாமல் போகலாம். கடந்த இரண்டு மூன்று மாத இரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை அப்படி ஒரே வாரத்தில் மாறாது. மருத்துவர் தேதி குறித்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

விடுமுறையில் மாத்திரை தவறியிருந்தால் சேர்த்து இரட்டிப்பாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. பிபி, சர்க்கரை, வலிப்பு, மன நோய் மருந்துகள் பல நாள் விட்டுப்போயிருந்தால், பழைய அளவிலேயே தொடரலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எந்த அறிகுறிக்கு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

நெஞ்சில் அழுத்தம், இடதுகை, தாடைக்குப் பரவும் வலி, படுத்தால் மூச்சுத் திணறல், நடக்கும்போது தலைசுற்றி விழப்போவது. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, கூடவே கால் வீங்கி மூச்சும் வாங்கினால் அது விருந்தின் எடை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். இதயமோ சிறுநீரகமோ சொல்லும் செய்தியாக இருக்கலாம். வலது விலாவுக்குக் கீழே கொழுப்பான சாப்பாட்டுக்குப் பின் வரும் கடும் வலியும் அப்படித்தான், பித்தப்பையைப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளை எப்படிப் பழைய நேரத்துக்குக் கொண்டுவருவது?

பெரியவர்களுக்குச் சொன்னதேதான், இன்னும் கொஞ்சம் முன்கூட்டியே. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பதின்ம வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம். பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போதே எழும் நேரத்தை நகர்த்தத் தொடங்குங்கள். அவர்களின் எடையைப் பற்றி அவர்கள் காதுபடப் பேசாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. ‘உனக்கு மட்டும் இது கிடையாது’ என்பது பிள்ளை மனதில் வெகுகாலம் தங்கும்.

அடுத்த விடுமுறையில் இப்படி ஆகாமல் இருக்க முடியுமா?

முழுக்கத் தவிர்க்க வேண்டும் என்றே நான் நினைக்கவில்லை. கொண்டாட வேண்டிய நாட்களைக் கொண்டாடத்தான் வேண்டும். இரண்டே இரண்டை மட்டும் கையோடு எடுத்துப் போகிறேன். எழும் நேரம் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகாது. பெரிய சாப்பாடு எதுவாக இருந்தாலும் அது முடிந்ததும் கால் மணி நேரம், கூட இருப்பவர்களையும் அழைத்துக்கொண்டு, பேசியபடி நடை. மற்றதெல்லாம் விடுமுறை எடுத்துக்கொள்ளட்டும்.

மூன்றாவதாக ஒன்றைக் கிளம்பும் முன்பே செய்துவிடுகிறேன். வேலைக்குப் போகும் நாளுக்கு ஒரு நாள் முன்னதாக வீடு திரும்பும்படி டிக்கெட் எடுக்கிறேன். அந்த நாளில் காய்கறி வாங்கவும் துணி துவைக்கவும் நேரத்துக்குப் படுக்கவும் இடம் இருக்கும். மறுநாள் காலை ஆறு மணி, வழக்கமான முனை என்று குழு நோட்டில் எழுதி, கூட நடப்பவர்களில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டு, காலணியைக் கூடத்தில் அதன் இடத்திலேயே வைத்துவிட்டுத்தான் பெட்டியைத் தூக்குகிறேன்.